பட்டி விளக்கும் பதினாலு லென்ஸும்

தாங்யுல்
நவம்பர் 24

நோனோ உர்கெய்ன்,

நீ ஆடுகளை ஓட்டிக்கொண்டு குளிர்கால மேய்ச்சலுக்குப் போய் ஒரு மாதம் தாண்டிவிட்டது. எதிர்க்கரையில்தான் இருக்கிறாய். பகலில் உன் கூடாரத்துப் புகை என் கூரையிலிருந்து தெரிகிறது. ஆனால் சதுப்பைச் சுற்றி அங்கே வந்து சேர நோர்புவின் லாரிக்கே அரை நாள் ஆகிறது. போன் கோபுரமும் உன் பக்கம் கிடையாது. அதனால் தீவன மூட்டைகளோடு இந்தக் கடிதத்தையும் ஏற்றிவிடுகிறேன். கூடப்பிறந்த அக்கா எழுதியிருக்கிறாளே என்று மரியாதைக்காவது பதில் போடு.

விஷயம் இதுதான். லேயிலிருந்து குழு வந்துவிட்டுப் போனது. ராத்திரியில் வெளிவிளக்கு போடாத ஊர்களைச் சேர்த்த அந்த இருள்வான வட்டத்தில் நம் ஊரை வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா என்று குளிர்காலம் முடிவதற்குள் முடிவு செய்யப்போகிறார்களாம். அதற்கு ஊர் சார்பில் ஒரு படம் அனுப்ப வேண்டும். ஜனவரி அமாவாசை அன்று நம் வானம். ஒட்டுப்போட்டது கூடாது, ஒரே தடவை திறந்து மூடி எடுத்ததாக இருக்க வேண்டும். மற்ற விதிகளைப் பின்னால் அனுப்புகிறார்கள். வட்டத்திலிருந்து எடுத்துவிட்டால் நம்மோடு சேர்த்து ஐந்து வீடுகளுக்குக் கொடுத்த தொலைநோக்கிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நட்சத்திரம் பார்க்க வருகிற விருந்தாளிகளும் வரமாட்டார்கள். நம்மைப் பெற்ற ஆபாவின் இடுப்பு மருந்து எதில் ஓடுகிறது என்று உனக்குத் தெரியும்.

படம் எடுக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நீ விட்டுப்போன கேமரா இருக்கிறது, ஆனால் அதோடு வந்த லென்ஸ் ராத்திரிக்கு உதவாது. அதன் துளை சிறியது. கார்த்திகைக் கூட்டத்தை எடுத்தால் சாம்பல் சிந்தினாற்போல் வருகிறது. உன் பழைய முதலாளி மோட்டுப்பிடம் கேட்டேன். குளிர்காலத்துக்கு ஒரு லென்ஸ் இரவல் தருகிறேன் என்றார். அவரிடம் பதினாலு, இருபத்துநாலு, ஐம்பது மில்லிமீட்டர் என்று மூன்று இருக்கின்றன. "எதுன்னு உர்கெய்ன்கிட்ட கேட்டுக்கோங்க. என் கடையில இருந்த லென்ஸைப் பத்தி என்னைவிட அவனுக்குத்தான் தெரியும்" என்றார்.

எது என்று எழுது. கேலி செய்யாமல் எழுது.

உன் ஆச்சே,
குன்ஸேஸ்


எதிர்க்கரை
டிசம்பர் 2

ஆச்சே, ஜூலே.

தீவனம் வந்தது. இரண்டு மூட்டை ஈரம். நோர்புவிடம் சொல்லிவிட்டேன், நீயும் ஒரு தடவை சொல்.

ஐம்பதை எடு. யோசிக்காதே.

காரணம் கேட்பாய். ஐம்பதின் துளை ஒன்று புள்ளி எட்டு வரை திறக்கும், வெளிச்சத்தைக் குடம் குடமாகக் குடிக்கும். பதினாலு இரண்டு புள்ளி எட்டோடு நின்றுவிடும்; எண் கூடினால் துளை சிறிது. பதினாலில் ஓரத்து நட்சத்திரங்களுக்கெல்லாம் இறக்கை முளைக்கும், மூலையில் குருவிக்கூட்டம் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். நம் மலையும் அதில் எறும்புப்புற்றாகிவிடும். அதை வைத்துக்கொண்டு யாரிடம் பெருமை பேசுவாய்? ஐம்பதில் வேடன் கூட்டத்தை மட்டும் எடு. இடுப்புப்பட்டையின் மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே இருக்கிற அந்தச் சிவந்த புகைகூட வரும். ஒன்று மட்டும் கவனம், ஐம்பதில் ரொம்ப நேரம் திறந்து வைக்காதே. வானம் நகரும், நட்சத்திரம் புழுவாக நீளும். எட்டு நொடி எண்ணி மூடிவிடு.

தரையை விட்டுவிடு. தரையில் என்ன இருக்கிறது, கல்லும் சாணமும்தானே.

லென்ஸில் பனி படியும். வறுத்த பார்லியைச் சூடாக ஒரு காலுறையில் கொட்டி லென்ஸைச் சுற்றிக் கட்டு. நான் கடையில் இருந்தபோது வெள்ளைக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துப் பெயர் வாங்கினேன். காலுறை துவைத்ததாக இருக்கட்டும்.

உன் தம்பி பெண்டாட்டி யாங்ஸெஸ் உலர்ந்த பாலாடை கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஆபாவுக்குப் பல் இருந்தால் கொடு.

உர்கெய்ன்


தாங்யுல்
டிசம்பர் 9

உர்கெய்ன்,

விதித்தாள் வந்துவிட்டது. ஊரின் தெற்கு அடிவானம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படத்தில் தெரிய வேண்டுமாம். அதற்கு மேலே வானமும். மூடி போடாத வெளிச்சம் எதுவும் அதில் தெரியக்கூடாதாம். ஐம்பதை வைத்துக்கொண்டு நான் எதை எடுப்பது? வேடனின் இடுப்பையா?

மோட்டுப்பிடம் போனில் கேட்டேன். இடையிடையே அறுந்து அறுந்து கேட்டாலும் இது தெளிவாகக் கேட்டது. "அடிவானத்தோட வானம் வேணும்னா பதினாலுதான், அதுலதான் அகலமா விழும். இதை உர்கெய்ன் சொல்லலையா? கடையில இருந்தப்போ அந்த லென்ஸைத் தொடச்சுத் தொடச்சு வெப்பானே. குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி."

நீ இதைச் சொல்லவில்லை. இறக்கை முளைக்கும், எறும்புப்புற்றாகிவிடும் என்று ஒரு பக்கம் எழுதினாய், இதை மட்டும் எழுதவில்லை. எனக்கு லென்ஸ் தெரியாமல் இருக்கலாம், உன்னைத் தெரியும். சின்ன வயதில் வெண்ணெய் திருடித் தின்ற நாளில்தான் நீ நிறையப் பேசுவாய்.

பத்து நாளாக எதிர்க்கரையில் ஒரு வெள்ளை வெளிச்சம் பார்க்கிறேன். முதலில் ராணுவ வண்டி என்று நினைத்தேன். வண்டியானால் நகர வேண்டுமே. நேற்று நோர்பு தேநீர் குடிக்கும்போது உளறிவிட்டான். "உங்க தம்பி பட்டியில கல்யாண வீடு கணக்கா விளக்குப் போட்டிருக்கான். கம்பத்துல ஒண்ணு பெருசா, சுவத்துல நாலு மினுக்கு மினுக்குன்னு. உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

எனக்குத் தெரியாது. அதனால்தானே தரையை விட்டுவிடு என்று எழுதினாய்.

இங்கே நாங்கள் ஜன்னலுக்குக் கறுப்புத்துணி கட்டிக்கொண்டு வாழ்கிறோம். ராத்திரியில் கழிப்பறைக்குப் போனாலும், நட்சத்திரம் பார்க்கும் கண்ணைக் கூசவைக்காத மங்கலான சிவப்பு விளக்குத்தான். ஊர் முழுக்க இப்படிக் கட்டுப்பட்டு இருக்கும்போது என் தம்பி மட்டும் கல்யாண வீடு நடத்துகிறான். பதினாலைத்தான் வரவழைக்கிறேன். விளக்கை என்ன செய்யப்போகிறாய் என்று எழுது.

குன்ஸேஸ்


எதிர்க்கரை
டிசம்பர் 16

ஆச்சே,

சரி, மறைத்தேன். விளக்குக்காகத்தான் ஐம்பதைச் சொன்னேன். இப்போது கேட்டுக்கொள்.

அக்டோபரில் மேல்முகாமில் இருந்தபோது இரண்டு ஓநாய் பட்டிச்சுவரைத் தாண்டியது. நோர்பு மூலம் உனக்கு, "சில ஆடு போச்சு" என்று மட்டும் சொல்லியனுப்பினேன். ஆபாவின் காதில் விழக்கூடாது என்று அப்படிச் சொன்னேன். சில ஆடு இல்லை ஆச்சே. பட்டிக்குள் புகுந்த ஓநாய் பசிக்குக் கடிப்பதில்லை. அசைவது நிற்கும் வரை கடிக்கிறது. யாங்ஸெஸ் செத்ததைத் தூக்கிப்போட்டு உயிரோடிருப்பதைத் தேடினாள். பஷ்மினா ரோமம் வாங்க வருகிறவன் செத்த ஆட்டைச் சீவமாட்டான் என்று உனக்கும் தெரியும்.

மிச்சம் இருப்பதில் பெரும்பாலும் சினையாடுகள். பிப்ரவரிக் கடைசியில் குட்டி போடும். அதுவரை விளக்கு எரியும். விளக்கு வந்த நாளிலிருந்து ஓநாய் ஊளை தூரத்தில்தான் கேட்கிறது.

தகரமூடி போட்டு வெளிச்சத்தைக் கீழே திருப்பலாமே என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். ஆடு படிப்பதற்கா விளக்கு வைத்தேன்? ஓநாய் அதைத் தூரத்திலிருந்தே பார்த்துப் பயப்பட வேண்டும். உன் விதித்தாளில் எது குற்றமோ, அதைத்தான் விளக்கு செய்ய வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பதினாலைச் சொல்லாததற்கு விளக்கு மட்டும் காரணமில்லை. அது நான் வாங்க இருந்த லென்ஸ். மோட்டுப் எனக்காக ஓரமாக வைத்திருந்தார். ஆபா விழுந்தார், இடுப்பு போயிற்று, ஆட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் வந்தேன். அடுத்த கோடையில் தொலைநோக்கிப் பயிற்சிக்கு வீட்டுக்கு ஒருவர் என்றார்கள். நீ போனாய். ஆட்டுச்சாணத்தை அள்ளிக்கொண்டே அந்தச் செய்தியைக் கேட்டேன். நட்சத்திரம் உனக்கு, ஆடு எனக்கு என்று யார் பங்கு பிரித்தது? என் கேமராவில் என் லென்ஸைப் போட்டு எடுக்க என்னிடமே யோசனை கேட்கிறாய். கேலி செய்யாதே என்றும் சொல்கிறாய்.

விளக்கை அணைக்கச் சொல்லாதே.

உர்கெய்ன்


தாங்யுல்
டிசம்பர் 28

நோனோ,

லோசார் புத்தாண்டுக்கு நீ வரவில்லை. ஆட்டை விட்டு வர முடியாது என்று தெரியும், இருந்தும் உன் கிண்ணத்தை எடுத்து வைத்தேன். ஆபா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்கை நான் பிரிக்கவில்லை. என் பெயரை எழுதிக் கொடுத்தது ஆபா. 'உர்கெய்ன் போகட்டுமே' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, எனக்கும் ஆசையாக இருந்தது. அதை ஒளிக்கவில்லை. அதற்காக ஊரையே தண்டிக்காதே.

லென்ஸ் வந்துவிட்டது. நீ இதை ஏன் தொடச்சுத் தொடச்சு வைத்தாய் என்று இப்போது புரிகிறது. முன்கண்ணாடி முட்டைக்கண்ணாகப் பிதுங்கி நிற்கிறது, தொடவே பயமாக இருக்கிறது. லோசார் மறுநாள் கூரையில் வைத்து ஒத்திகை பார்த்தேன். இருட்டில் ஃபோகஸ் பிடிக்கவில்லை. நட்சத்திரத்தைப் பார்த்துத் திருகினால் கை நடுக்கத்தில் அது ஓடிவிடுகிறது. கடைசியில் உன் கம்பத்து விளக்கைத்தான் பிடித்தேன். தூரத்தில் அசையாமல் நிற்கிற ஒரே புள்ளி அதுதான். அது ஊசிமுனையாகும் வரை திருகினேன். பிறகு வானம் முழுக்கக் கூர்மையாக வந்தது.

படத்தின் இடது மூலையில் நீயும் வந்தாய். ஐந்து வீட்டுக்காரர்களும் பார்த்தார்கள். ஸ்கர்மா திரையைப் பெரிதாக்கிக் காட்டினாள். "குன்ஸேஸ், இன்னிக்கு அமாவாசைதானே? உன் தம்பி வீட்டு நிலா மட்டும் எப்ப மறையும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

பதினாலைத் திருப்பிவைத்து உன் மூலையை வெட்டிவிடலாமா என்று பார்த்தேன். முனைக்கு முனை அடிவானம் வேண்டும் என்பதால் எப்படித் திருப்பினாலும் நீ உள்ளே வந்துவிடுகிறாய். இருபத்துநாலில் அடிவானம் போதாது என்று மோட்டுப் சொல்லிவிட்டார். படத்தில் கைவைத்து அழித்துவிடலாம் என்று ஸ்கர்மா சொன்னாள். கண்டுபிடித்தால் ஊர் பெயரே போய்விடும், நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி பதினெட்டு அமாவாசை. ஒரே ஒரு மணி நேரம் அணைத்து வை. அணைத்துவிட்டு நீ பட்டி வாசலிலேயே உட்கார்ந்துகொள், நாயையும் கட்டிக்கொள். ஒரு மணி நேரத்தில் ஓநாய் வந்துவிடுமா? அது என்ன உன் விளக்கு எப்போது அணையும் என்று காத்துக்கொண்டா இருக்கிறது?

இதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

ஆச்சே


எதிர்க்கரை
ஜனவரி 8

ஆச்சே,

அணைக்கிறேன்.

யாங்ஸெஸுக்குப் பிடிக்கவில்லை. "உங்க அக்கா படம் புடிக்க என் ஆட்டைக் காவு குடுக்கணுமா?" என்றாள். கிண்ணத்தை எடுத்து வைத்தேன் என்று எழுதினாயே, அதனால் ஒத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள். லென்ஸ் என் கையில் இல்லாவிட்டாலும் ஒழுங்காக ஒரு படமாவது எடுக்கட்டும் என்று தோன்றியது, அதுவும் உண்மை.

செய்ய வேண்டியதைக் கேள். சாயங்காலமே லென்ஸைக் கூரையில் வைத்துவிடு. அடுப்பறையில் வைத்து எடுத்துவந்தால் உள்ளே நீர் கோத்து உறைந்துவிடும். நான் அணைப்பதற்கு முன்னால் என் கம்பத்து விளக்கில் ஃபோகஸ் பிடித்து, வளையம் நகராமல் நாடா ஒட்டு. ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிச் சரிபார். பத்து மணிக்கு அணைப்பேன். பதினாலில் இருபத்தைந்து நொடி வரை திறந்து வைக்கலாம், புழு விழாது. நாலைந்து படம் எடு, போதும்.

மேகம் குறுக்கே வரலாம், கேமரா மக்கர் செய்யலாம். அதனால் கடிகாரம் பார்த்து நான் விளக்குப் போட மாட்டேன். பாதியில் போட்டுக் கெடுத்துவிட்டான் என்று கிழவியாகும் வரை சொல்லிக் காட்டுவாய். படம் முடிந்ததும் கூரையில் ஒரு விளக்கைத் தூக்கிக் காட்டு. பார்த்த மறுகணம் போட்டுவிடுவேன். அதுவரை உன் கூரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன்.

சீக்கிரம் முடி.

உர்கெய்ன்


தாங்யுல்
ஜனவரி 19

என் நோனோவுக்கு,

வந்துவிட்டது. மேகம் இல்லை, காற்று இல்லை. நீ சொன்னபடியே செய்தேன், நாடாகூட ஒட்டினேன். பத்து மணிக்கு உன் விளக்கு போனதும் தெற்குப் பக்கம் முழுக்க மை ஊற்றினாற்போல் ஆயிற்று. மூன்றாவது படமே நன்றாக வந்துவிட்டது. மலை விளிம்பு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, மேலே வேடன், கார்த்திகை, பால்வீதியின் மங்கல் எல்லாம் இருக்கின்றன. மூலையில் குருவிகளும் இருக்கின்றன, நீ சொன்னது உண்மைதான். ஸ்கர்மா வாயை மூடிக்கொண்டு பார்த்தாள்.

அரை மணி ஆகவில்லை, முடித்துவிட்டுக் கூரையில் விளக்கைத் தூக்கிக் காட்டினேன். நீ போடவில்லை. மறுபடி காட்டினேன். சரி, ஒரு மணி நேரம் கேட்டாள், ஒரு மணி நேரமும் அனுபவிக்கட்டும் என்று வீம்பு பிடிக்கிறாய் என்று நினைத்துக் கீழே இறங்கிவிட்டேன். ஆபா ஜன்னலை விட்டு நகரவில்லை. "இன்னும் போடலையே, இன்னும் போடலையே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "கோபத்துல இருக்கான், அவனுக்குத் தோணும்போது போடுவான், படுங்க" என்றேன். நடு ராத்திரிக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. "பாத்தீங்களா?" என்றேன். அதன் பிறகுதான் படுத்தார்.

நீ செய்தது சின்ன உதவி இல்லை. இந்தக் கோடையில் நீயும் யாங்ஸெஸும் இங்கே வந்து தங்குங்கள், ஆட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ஒரு மாதம் கேமராவோடு இரு. சும்மா சொல்லவில்லை.

ஆச்சே குன்ஸேஸ்


எதிர்க்கரை
ஜனவரி 22

உன் கடிதத்தை நோர்பு கொடுத்தான். செத்த ஆடுகளை இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். கையைத் துடைத்துவிட்டுப் படித்தேன். யாங்ஸெஸ் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படம் நன்றாக வந்திருக்கிறதாம் என்றேன்.

நீ விளக்குக் காட்டவில்லை. வாசலில் உட்கார்ந்து உன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சதுப்புக்கு அந்தப் பக்கம் சிவப்பாக ஏதோ மின்னியது, யாரோ அடுப்புக் கங்கை வெளியே கொட்டுகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டும் ஆயிற்று. யாங்ஸெஸ் உள்ளேயிருந்து, "போட்டுத் தொலைங்க, போதும்" என்றாள். "இரு, அவ இன்னும் முடிக்கல. இப்ப போட்டா அவ்வளவும் வீண்" என்றேன்.

நான் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவை பின்சுவர் வழியாக வந்தன. நாய் குரைக்கும்போது ஆட்டு மந்தை மொத்தமாக என் முதுகில் வந்து மோதியது. விசையைத் தேடிப் போடுவதற்குள் பாதி முடிந்துவிட்டது. விளக்குப் போட்ட பிறகுதான் எவ்வளவு என்று தெரிந்தது. இருட்டிலேயே இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

சினையாடுகளில் தப்பியது கொஞ்சம்தான். கோடையில் நீ பார்த்துக்கொள்வதற்கு ரொம்பக் கஷ்டம் இருக்காது.

ஏன் காட்டவில்லை? அது ஒன்றை மட்டும் எழுது.


தாங்யுல்
ஜனவரி 29

உர்கெய்ன்,

காட்டினேன். இரண்டு தடவை தூக்கிக் காட்டினேன். நீ கங்கு என்று நினைத்தது அதுதான்.

என் கையில் இருந்தது சிவப்பு விளக்கு. நாலு வருஷமாக இருட்டியதும் என் கை அதைத்தான் எடுக்கிறது. வெள்ளை விளக்கு கூரையின் முக்காலி அருகிலேயே இருந்தது. உனக்கு வெளிச்சம் காட்ட வேண்டும் என்று மனசுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. ஸ்கர்மா பக்கத்தில் நின்றாள், அவளுக்கும் தோன்றவில்லை. எங்கள் ஐந்து பேரில் யார் நின்றிருந்தாலும் அதையேதான் எடுத்திருப்பார்கள். இது சமாதானம் இல்லை. எப்படி நடந்தது என்று கேட்டாய், சொல்கிறேன். நீ போடாதபோது நான் யோசித்திருக்க வேண்டும். ஆபா யோசித்தார், அவரைப் படுக்கச் சொன்னேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீ சொன்னபடி, அணைப்பதற்கு முன்னால் ஃபோகஸ் சரிபார்க்க ஒரு படம் எடுத்தேன் அல்லவா? அதே முக்காலி, அதே இருபத்தைந்து நொடி, இடது மூலையில் உன் விளக்கு. உன் கடிதம் வந்த பிறகு அந்தப் படத்தையும் ஊர் அனுப்ப இருந்த படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கார்த்திகைக் கூட்டத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். வேடனைச் சுற்றி எண்ணினேன். மலை விளிம்பை ஒட்டி, உன் கம்பத்துக்கு நேர் மேலேகூட எண்ணினேன். விளக்கு எரிந்த படத்தில் ஒரு நட்சத்திரம் குறையவில்லை. அணைத்த படத்தில் ஒன்றும் கூடவில்லை. மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது, இல்லை, அவ்வளவுதான் இரண்டுக்கும் வித்தியாசம். அந்தப் புள்ளியை வெட்கம் என்று நினைத்தேன். அதற்காக உன்னைக் கெஞ்சினேன்.

விளக்கு எரிகிற அந்த முதல் படத்தைத்தான் லேவுக்கு அனுப்பினேன். இடது மூலையில் தெரிவது என் தம்பியின் ஆட்டுப்பட்டி, ஓநாய்க்குப் பயந்து வைத்த விளக்கு, அது குட்டி போடும் காலம் வரை எரியும் என்று கீழே எழுதினேன். மற்ற நாலு வீட்டுக்காரர்களிடமும் அனுப்பிய பிறகுதான் சொன்னேன். ஸ்கர்மா, "நம்ம அஞ்சு பேரு சோத்துலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்டே" என்றாள். பிப்ரவரி பதினைந்தாம் தேதி குழு நேரில் பார்க்க வருகிறது. அன்றைக்கே தொலைநோக்கிகளை எடுத்துக்கொண்டு போனாலும் போவார்கள்.

கேமராவை லென்ஸோடு நோர்புவிடம் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு படமும் அதில் இருக்கின்றன. நீயே பார். நான் சொல்வதை நீ நம்ப வேண்டியதில்லை.

யாங்ஸெஸிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

குன்ஸேஸ்


எதிர்க்கரை
பிப்ரவரி 6

ஆச்சே,

பார்த்தேன். நானும் எண்ணினேன். நீ சொன்னது சரி.

படம் நல்ல படம். ஃபோகஸ் ஊசிமாதிரி இருக்கிறது. முதலில் கேமராவைத் தொட மனசில்லாமல் இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். யாங்ஸெஸ்தான் எடுத்தாள். விளக்கு எரிகிற படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். வெள்ளைப் புள்ளிக்குள் பட்டியோ ஆடோ தெரிகிறதா என்று தேடினாள். பதினாலில் அவ்வளவு தூரத்தில் இருப்பது தெரியாது என்றேன். "அப்ப உயிரோட இருந்துச்சுங்க" என்றாள். கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு ஆட்டைப் பார்க்கப் போனாள். உன் பெயரை எடுக்கவில்லை. நீ இப்போதைக்கு அவளுக்கு எதுவும் எழுதாதே.

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் எந்தப் படத்தை அனுப்பினாய் என்று படித்தபோது வெளியே போய் உன் கூரையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நேற்று இரண்டு குட்டி விழுந்தது. இருபது நாள் முந்தியே. ஒன்று நிற்கிறது.

பதினைந்தாம் தேதி குழு வந்தால் உன் கூரைக்குக் கூட்டிப்போகாதே. தேநீர் கொடுத்து நேராக நோர்புவின் லாரியில் ஏற்றி இங்கே கொண்டு வா. எங்கள் கூடாரத்தில் சாப்பிடட்டும். இருட்டிய பிறகு விளக்குகள் எல்லாவற்றையும் என் கையாலேயே அணைத்துவிடுகிறேன். மேலே நட்சத்திரம் எத்தனை வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளட்டும். நாங்கள் வாசலில் இருப்போம், அவர்கள் பின்சுவரை ஒட்டி உட்கார வேண்டும். போதும், விளக்கைப் போடு என்று முதலில் யார் சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

நீயும் அவர்களோடு பின்சுவர்ப் பக்கம்தான் உட்கார வேண்டும்.

உர்கெய்ன்